தைக்காமல் அனுப்பும் புத்தகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் உன் ஆபீஸ் போகும் வழியெல்லாம் ரோஸ் நிறத்தில் டபேபூயா பூத்துக் கிடக்கிற போட்டோவை அனுப்பிவிட்டு, "நம்ம ஊர்ல வசந்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாதும்மா, பனி போனா நேரா வெயில்தான்" என்றாய். அப்போது அடுப்பில் பால் இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது சரியில்லை பாப்பா. மாசி மாதத்திலிருந்து நான் வாரம் ஒரு நாள் வெளியே போய்க்கொண்டிருக்கிறேன், போய் வந்ததை எல்லாம் தாளில் பதிந்து வைத்திருக்கிறேன், அதைத்தான் இந்தப் பார்சலில் அனுப்புகிறேன். பிரிப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படி, ஏனென்றால் நடுவில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

பஞ்சாங்கப்படி இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. ஆனால் மரங்கள் சித்திரைக்காகக் காத்திருப்பதில்லை. மாசிக் கடைசியிலேயே நம் தெரு முனைப் புங்கமரம் இலையை எல்லாம் கொட்டிவிட்டது, பத்து நாளில் தளிர் வந்தது. அந்தத் தளிர்ப் பச்சைக்கு எந்த டப்பாவிலும் கலர் கிடையாது, மஞ்சளோடு கொஞ்சம் நீலம் சேர்த்து, அதில் இன்னும் நிறைய மஞ்சள் சேர்த்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட வந்தது. இப்போது பூவும் கொட்டுகிறது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் பொரியை வாரி இறைத்தது போலக் கிடக்கிறது, பெருக்க மனசு வரவில்லை, கோலத்தை ஒரு ஓரமாகத் தள்ளிப் போடுகிறேன்.

கோலம் என்றதும் சொல்லணும். இந்த வேலை எனக்குப் புதுசு இல்லை. பீரோ அடித்தட்டில் என் கோல நோட்டு இருக்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் கிரேயானால் கிறுக்கி வைத்தாயே, அதே நோட்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து புள்ளி வைத்து எழுதி வந்தது. இந்த மார்கழியில் அதை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் 15 புள்ளிக் கோலத்துக்குப் பக்கத்தில் "இன்று பூசணிப்பூ கிடைக்கவில்லை, பரங்கிப்பூ வைத்தேன்" என்று என் கையெழுத்து. அந்த ஒரு வரியைப் படித்ததும் அன்றைய குளிர், சாணம், அம்மாயி வீட்டு வாசல் எல்லாம் வந்துவிட்டது. சரி, கோலத்தோடு ஏன் நிறுத்த வேண்டும், பார்க்கிற பூ, கேட்கிற பறவை எல்லாவற்றையும் இப்படி ஒரு பக்கத்தில் வைக்கலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

முதலில் தாள். சாதாரண நோட்டில் தண்ணீர்க் கலர் போட்டால் அலை அலையாகச் சுருண்டுவிடுகிறது. அப்பாவும் நானும் ஒரு நாள் பாண்டிக்குப் போனோம். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-இல் ஆரம்பித்தது, அங்கே மரக்கூழ் கிடையாது, பருத்தித் துணிக் கழிவை நறுக்கி, ஊற வைத்து அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்திக் காயவைக்கிறார்கள். அதனால் ஓரம் நேராக இருக்காது, பிய்த்த தோசை ஓரம் போல இருக்கும், அதை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பருத்தி என்பதால் சீக்கிரம் பழுப்பேறாது. நான் வாங்கிய ஒரு வகைத் தாளில் மை மட்டும் கசிந்து பரவியது, அதற்கு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்தேன், நின்றுவிட்டது. உன் காட்டன் சுரிதாருக்குக் கஞ்சி போட்ட கை, தாளுக்கும் போட்டது, அவ்வளவுதான். ஒட்டுகிற மைதாப் பசையில் ஒரு துளி மயில்துத்தம் கலந்திருக்கிறேன், தாத்தா கணக்கு நோட்டு பைண்டிங் பண்ணும்போது பூச்சி அரிக்காமல் இருக்க அப்படித்தான் செய்வார். அது விஷம், பக்கத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதே.

அன்றைக்கே தாவரவியல் பூங்காவுக்கும் போனோம், 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. நாகலிங்க மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கி அதில் பூ. உன் டபேபூயாவைப் போலவே இதுவும் அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்த மரம்தான். வந்த மரத்தின் பூவுக்குள் லிங்கத்தையும் குடை பிடிக்கிற நாகத்தையும் பார்த்து நம்மவர்கள் பேர் வைத்துவிட்டார்கள், புதுச்சேரிக்கு அதுதான் மாநிலப் பூ. கீழே விழுந்திருந்த ஒன்றை எடுத்து வந்து நாளிதழுக்குள் வைத்து மேலே அம்மிக் குழவியை வைத்தேன். தப்பு. அந்த இதழ் சதைப்பற்று, நம் ஊரோ உப்புக்காற்று, நாலாம் நாள் பூஞ்சணம் பூத்து நாற்றம் எடுத்துவிட்டது. தினமும் பேப்பர் மாற்றியிருக்க வேண்டும், இவ்வளவு தடிமனான பூவை வைத்திருக்கவே கூடாது. அதனால் அந்தப் பக்கத்தில் பூ இல்லை, ஞாபகத்திலிருந்து வரைந்த படம்தான். ஆனால் பூஞ்சணக் கறை பட்ட நாளிதழ்த் துண்டை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன், அந்தக் கறை மேகம் மாதிரி அழகாக இருந்தது.

பாண்டிப் பக்கத்து ஊசுடு ஏரியில் வலசை வந்த வாத்துகள் பாதி கிளம்பிவிட்டன. நாமக்கோழியும் நீர்க்காகமும் இருந்தன, ஒரு தாமரைக்கோழி இலை மேல் நடந்துபோனது. ஒரு பக்கம்தான் வந்தது, வெயில் ஏறிவிட்டது.

அப்புறம் மாமா ஊர். பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூத்திருக்கும் சமயம் நீ போனதே இல்லை, எப்போதும் பழம் பறிக்கிற மே லீவுக்குத்தான் போவோம். பூ சின்னது, வெளுப்பில் தொடங்கி உள்ளே சிவப்புக் கோடு ஓடி, வாட வாட ரோஸாகிவிடுகிறது. தூரத்தில் நின்றால் ஒன்றுமே தெரியாது. தோப்புக்குள் போனால் வாசனை வந்து மோதும், தேனீ சத்தம் தலைக்கு மேல் கூரை போட்டது போலக் கேட்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்ததே, நாம் கதவுக்கு உள்ளே அரிவாள்மனைப் பலகையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்ற அந்த ராத்திரி, மாமா தோப்பில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன. மறுநாள் மாமா பேசவே இல்லை, விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கையால் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். இப்போது பூத்திருப்பது அதற்கப்புறம் வைத்த கன்றுகள். மாமாவே ஒரு பூங்கொத்தை ஒடித்து "பாப்பா நோட்டுக்கு" என்று கொடுத்தார். முன்னாடியே பழுத்த ஒரு பழமும் கிடைத்தது. அந்தச் சாறு துணியில் பட்டால் போகவே போகாது என்று உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன். அதே சாற்றைத் தொட்டுத்தான் இந்தப் பக்கத்தில் மரத்தின் அடிப்பாகத்தை வரைந்தேன், முதலில் ஒன்றும் தெரியவில்லை, காய்ந்து நாளாக ஆக பழுப்பு ஏறிக்கொண்டே வருகிறது. உன் கைக்கு வரும்போது இன்னும் கருத்திருக்கும். கொட்டை ஓட்டின் பக்கம் மட்டும் போகவில்லை, அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும்.

நிறங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலமெல்லாம் நம் மாடிச் சங்குப்பூ. இதழை அப்படியே தாளில் தேய்த்தால் நீலம், அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்தால் ஊதா கலந்த ரோஸ், சோப்புத் தண்ணீர் வைத்தால் பச்சை. ஒரே பூவில் மூன்று நிறம். சிவப்பு, ஆரத்தித் தட்டின் சிவப்புதான், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தது. இரண்டும் வெயில் பட்டால் வெளுக்கும், அதனால் உன் ஜன்னலோர மேஜையில் திறந்து வைக்காதே. வல்லாரையும் புளிய இலையும் சுத்தியல் வேலை: இலையைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு பேப்பரை மூடி, ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் சாறு இறங்கி இலை அப்படியே பதிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்குத் தட்டிக்கொண்டிருந்தேன், எதிர்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று வந்துவிட்டார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து இரண்டு இலை தட்டிவிட்டுத்தான் போனார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் பூவரசு. ஒரே பூவை மூன்று தடவை வரைந்திருக்கிறேன். காலையில் எலுமிச்சை மஞ்சள், சாயங்காலம் ஆரஞ்சு ஏறிவிடுகிறது, மறுநாள் சுருங்கிச் செவ்வூதா. நீ பீப்பீ செய்து ஊதிய மரத்துப் பூ இப்படி நிறம் மாறும் என்று இத்தனை வருஷம் நானே கவனிக்கவில்லை. அப்பா ஒரு இலையைச் சுருட்டி பீப்பீ செய்து கொடுத்தார், அதையும் பக்கத்தில் படமாகப் போட்டிருக்கிறேன்.

போன செவ்வாய் விடிகாலை நாலரைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். வனத்துறைக்காரர்கள் ஆமை முட்டைகளை எடுத்து வந்து வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள், அன்றைக்குக் குஞ்சு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பங்குனி ஆமை. அந்தப் பேரைக் கேட்டாயா, மாதத்தின் பேரையே வைத்துக்கொண்டிருக்கிற பிராணி! வசந்தம் இல்லாத ஊரில் யாராவது இப்படிப் பேர் வைப்பார்களா? ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம் இருக்குமாம், பொரிக்க 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகுமாம். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு. கூடையிலிருந்து ஈர மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. துடுப்பை அடித்து அடித்து நகருகிறது, அலை வந்து பின்னால் தள்ளுகிறது, திரும்பவும் நகருகிறது. கடைசியாக ஒன்று மட்டும் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், உன்னை முதல் முதலாகப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டபோதும் அப்படித்தான் நின்றேன். அப்புறம் ஒரு பெரிய அலை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஆமையே இல்லை, பசை தடவி அந்த மணலைத் தூவி, குஞ்சுகள் போன தடத்தை விரல் நகத்தால் கீறியிருக்கிறேன். மணல் கொஞ்சம் உதிரும், பரவாயில்லை.

நம் ஊர்ப் பேரிலேயே இருக்கிற பாதிரியை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. பாடலீஸ்வரர் கோயிலுக்கு அதுதான் தல மரம், சங்கப் பாட்டுகளிலும் பாதிரி வேனில் காலத்துப் பூ. திருப்பாதிரிப்புலியூரில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு அந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு தடவை போய்விட்டேன், பூ இல்லை, அரச மரத்தில் குக்குறுவான் பறவை மட்டும் பாத்திரக் கடையில் தட்டுவது போல டொங்க் டொங்க் என்று விடாமல் கூப்பிட்டது. அந்தப் பக்கத்தில் அரச இலையை அடியில் வைத்து மேலே கிரேயானால் தேய்த்த நரம்பு மட்டும் இருக்கிறது, பாதிரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்போது உன் வேலை. பார்சலில் ஆறு தாள், நடுவில் மடித்தவை. நாலில் நான் செய்திருக்கிறேன், இரண்டு காலி. காலித் தாள்களில் உன் ரோடு, உன் டபேபூயா, ஆபீஸ் வாசலில் என்ன மரமோ அது, என்ன வேண்டுமானாலும் போடு. கலர் இல்லையென்றால் காபி டிகாக்ஷன் போதும். பள்ளிக்கூடத்தில் நீ வரைந்த மீன் காலண்டர் அட்டையில் இன்னும் அலமாரிக்குள் இருக்கிறது, அதனால் வரைய வராது என்று மட்டும் சொல்லாதே.

முடித்தபின் ஆறையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொள். முதுகில் மூன்று துளை போட்டிருக்கிறேன், கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் கவரில் இருக்கிறது. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே இழு, மேல் துளை வழியாக உள்ளே கொண்டுவா, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளை வழியாக வெளியே போ, திரும்ப நடுத்துளையில் உள்ளே. உள்பக்கம் நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வரும்படி வைத்து முடிச்சுப் போடு. அட்டைக்கு உன் பழைய பாவாடைத் துணி, அரக்குக் கலர், நீயே ஒட்டிக்கொள்.

சித்திரை ஒண்ணாம் தேதிக்கு லீவு கிடைத்தால் முந்தின ராத்திரி பஸ் ஏறு. புத்தகத்தையும் எடுத்து வா, பாதிரிக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது, சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து வரையலாம்.

அம்மா

சின்ன டப்பாவில் வேப்பம்பூ வைத்திருக்கிறேன், நிழலில் உலர்த்தியது, இந்த வருஷத்துப் பூ. அது ரசத்துக்கு, தாளில் ஒட்ட இல்லை. நெய்யில் வறுத்துக் கடைசியில் போடு.