மழைக்காலத்தில் சுவர் எழுப்புவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆண்டு இறுதிக்குள் அடுப்படியைப் பின்பக்கம் நீட்டிவிட வேண்டும் என்று இங்கே பினாங்கில் பலர் அக்டோபர், நவம்பர் மழையிலேயே வேலையைத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குத்தகையாளர் செங்கல்லைத் திறந்த வெளியில் இறக்கிவிட்டுப் போனார், மூடக் கான்வாஸ்கூட இல்லை. இரண்டு நாள் மழையில் ஊறிய கல்லை வைத்துக் கட்டியபோது சாந்து பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, அப்புறம் காய்ந்த சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, அங்கே குளிர்காலத்தில் சாந்தில் உள்ள நீர் உறைந்துவிடும் என்று வேலையையே நிறுத்திவிடுவார்கள் என்றான். நமக்கு உறைபனி இல்லை, மழைதான் எதிரி.

செங்கல்லுக்குப் பதிலாகச் சிலர் லைட்வெயிட் பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல், வைத்துக் கட்டுகிறார்கள். அது எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், வெயில் சூட்டையும் தடுக்கும், ஆனால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதனால் தரையோடு ஒட்டிய முதல் சில வரிசைகளைச் சிமெண்ட் கல்லில் கட்டுவதுதான் நல்லது. லைட்வெயிட் பிளாக் சுவரில் அலமாரி மாட்டுவதற்கென்றே தனி ஆணி இருக்கிறது, சாதாரண ஆணி பாரம் தாங்காது. சாமான் நிறைய மாட்டும் சுவர் என்றால் நான் செங்கல்லையே சொல்வேன்.

எந்தக் கல்லானாலும் சரி, பலகை மேல் அடுக்கி, கான்வாஸ் போட்டு மூடச் சொல்லுங்கள். சுவர் காயாமல் பூச்சு வேலைக்கு விடாதீர்கள். மாநகர் மன்ற அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு