செயலாளரின் ஆண்டறிக்கை 2025: ஸ்ராஸ்பூர்க் தீர்ப்புகளும் எமது வாசிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாக சபையினர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுவிஸில் இயங்கும் எமது சட்ட வாசிப்பு வட்டம் இந்த ஆண்டும் வழமைபோல மாதாமாதம் கூடியது. இடம் தந்த நூலகத்துக்கும், தேநீர்ப் பொறுப்பை ஏற்ற உறுப்பினர்களுக்கும் முதலில் நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே வாசிப்புக்கு வருகிறேன்.

எமது கூட்டங்களில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டவை கிரேக்கத்துக்கு எதிரான இரண்டு வழக்குகள். இரண்டின் முடிவுகளையும் ஸ்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2025 ஜனவரி 7 அன்று வெளியிட்டது. முதலாவது, துருக்கியப் பெண் ஒருவருடையது. 2019 மே மாதம் துருக்கி–கிரேக்க எல்லையிலுள்ள எவ்ரோஸ் ஆற்றைக் கடந்து தஞ்சம் கேட்க வந்தவரை, மனு எதுவும் பதியாமல் மறுகரைக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே அவர் சிறைக்குப் போனார். இரண்டாவது, ஆப்கான் சிறுவன் ஒருவனுடையது. 2020இல் சாமோஸ் தீவில் தன்னைப் பிடித்து, நடுக்கடலில் மிதவையில் விட்டுவிட்டார்கள் என்பது அவனது முறைப்பாடு.

அந்தக் காலத்தில் இப்படித் திருப்பித் தள்ளுவது கிரேக்கத்தின் திட்டமிட்ட நடைமுறையாகவே இருந்தது என்பதற்கு வலுவான அறிகுறிகள் உண்டு என்று நீதிமன்றம் இரண்டிலும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முடிவுகள் வேறாயின. அந்தப் பெண் வென்றார், 20,000 யூரோ இழப்பீடும் கிடைத்தது. சிறுவனின் மனு தள்ளுபடியானது. கிரேக்க மண்ணில் நின்றபோதே எடுத்த காணொளியும், போனில் அனுப்பிய இருப்பிடத் தகவலும் அந்தப் பெண்ணிடம் இருந்தன. சிறுவன் கொடுத்த படங்களில் இருப்பது அவன்தான் என்று நிறுவ முடியவில்லை.

இந்த இடத்தில் எமது கூட்டம் சூடுபிடித்தது. ஆதாரம் இல்லாமல் எந்த நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொல்லும் என்று சிலர் கேட்டார்கள். சரி, ஆனால் பிடிபட்டவரின் போனைப் பறிப்பது எவ்வளவு சுலபம்? ஆதாரத்தை இல்லாமல் செய்யும் வசதி அரசின் கையில் இருக்கும்போது, நிரூபிக்கும் சுமையை ஒரு பிள்ளையின் தலையில் வைப்பது நியாயமில்லை என்பதே என் நிலைப்பாடு. சட்ட அறிஞர்கள் சிலரும் இந்தத் தீர்மானத்தை இதே காரணத்துக்காகக் கண்டித்திருக்கிறார்கள்.

எமக்கு இது அந்நியமான விடயம் அல்ல. 1988இல் பிரித்தானியா திருப்பி அனுப்பிய தமிழர் ஐந்து பேர் ஸ்ராஸ்பூர்க்கில் தொடுத்த வழக்கு 1991இல் தோற்றது. 2008இல் வேறொரு தமிழருக்கு வெற்றி கிடைத்தது. உடலிலுள்ள தழும்பு, முன்பு கைதான பதிவு போன்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துச் சின்னதாக்காமல், சேர்த்துப் பார்த்தே ஆபத்தை அளக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது அப்போதுதான். 2017இல் சுவிஸ் அரசே குற்றவாளிக் கூண்டில் நின்றது. 2013இல் அது கொழும்புக்கு அனுப்பிவைத்த தமிழர் அங்கே கைதாகிச் சிறையில் துன்புறுத்தப்பட்டிருந்தார். ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தில் சித்திரவதையைத் தடைசெய்யும் 3ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று தீர்ப்பானது.

அதனால்தான் 2025 மே 22 அன்று வெளியான கடிதத்தை நாம் கவலையோடு வாசித்தோம். இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று, மொத்தம் ஒன்பது நாடுகள் கையெழுத்திட்டன. குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்த நீதிமன்றம் அளவுக்கு மீறித் தடையாக இருக்கிறது என்பது அவர்களின் குறை. இந்த நீதிமன்றம் சார்ந்திருக்கும் ஐரோப்பிய அவையின் செயலாளர் நாயகம் அலான் பெர்சே, நீதிமன்றத்தை அரசியல் ஆயுதமாக்கக் கூடாது என்று பதிலளித்தார். முன்னாள் சுவிஸ் ஜனாதிபதியான அவரிடமிருந்து அந்தத் தெளிவான பதில் வந்தது எமக்கு ஆறுதல். ஆனால் டிசம்பர் 10 அன்று ஸ்ராஸ்பூர்க்கில் அமைச்சர்கள் கூடியபோது, அதே திசையிலான கூட்டறிக்கையில் 27 நாடுகள் சேர்ந்திருந்தன. அவையில் இருப்பவை 46 நாடுகள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியின் கம்பானியாவில் நச்சுக் கழிவைப் புதைத்தும் எரித்தும் வந்ததை அரசு தடுக்கத் தவறியது உயிர்வாழும் உரிமையை மீறியது என்று ஜனவரி 30 அன்று தீர்ப்பானது. சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் தவணை. ஜூலை 9 அன்று, 2014இல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 பயணிகள் விமானத்தில் 298 பேர் இறந்ததற்கு ரஷ்யா பொறுப்பு என்று நீதிமன்றத்தின் உயர் அமர்வான பேரவையின் நீதிபதிகள் அறிவித்தார்கள். அடுத்த நாள், பெண்கள் போட்டிகளுக்கான ஹோர்மோன் விதிகளை எதிர்த்த தென்னாபிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் வழக்கில், லௌசானில் உள்ள சுவிஸ் உச்ச நீதிமன்றம் அவரது முறைப்பாட்டைப் போதிய கவனத்துடன் ஆராயவில்லை என்றார்கள். பாகுபாடு காட்டப்பட்டதா என்ற அவரது முக்கியக் கேள்விக்குள் அவர்கள் போகவேயில்லை. அது எனக்கு ஏமாற்றம்.

காலநிலை மாற்றத்துக்கு எதிராக அரசு போதியளவு செய்யவில்லை என்று வழக்குத் தொடுத்த ‘காலநிலை மூதாட்டிகள்’ என்ற சுவிஸ் முதிய பெண்கள் சங்கம் 2024 ஏப்ரலில் சுவிஸை வென்ற தீர்ப்பையும் விடாமல் தொடர்ந்தோம். பாராளுமன்றத்தின் இரு அவைகளும் மேலதிகமாக எதுவும் செய்யத் தேவையில்லை என்று கூறிவிட்டன. தீர்ப்பின் அமுலாக்கத்தைக் கண்காணிக்கும் ஐரோப்பிய அவையின் அமைச்சர்கள் குழுவோ 2025 மார்ச்சில் மேலும் விளக்கம் கேட்டது. இந்தக் கோப்பு இன்னும் திறந்தேயிருக்கிறது.

2026 மே மாதம் மோல்டோவாவின் கிஷினாவில் ஐரோப்பிய அவையின் நாடுகள் குடிவரவும் இந்தச் சமவாயமும் பற்றி ஓர் அரசியல் பிரகடனத்தை நிறைவேற்றத் திட்டமிட்டுள்ளன. அதில் குடிவரவு பற்றிய பகுதிகளைத் தமிழாக்கி, தஞ்ச வழக்கு நடத்தும் எமது குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிர்வாக சபையின் முன்மொழிவு. பிரெஞ்சும் ஜெர்மனும் நன்றாக அறிந்த இளைய உறுப்பினர்கள் பெயர் தாருங்கள். தழும்புகளின் மருத்துவ அறிக்கை, கைதுப் பதிவு, பழைய கடிதங்கள் போன்றவற்றை எப்படிப் பாதுகாத்து வைப்பது என்பது பற்றி ஒரு வழக்கறிஞரை அழைத்து ஒரு மாலை பேசவைக்கவும் எண்ணியுள்ளோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்