கன்ஃபிகர் கோப்பைத் தூக்கிவிட்டேன்

மாப்ளே,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மா உன்னைக் கேட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் நிரல் இருக்கும் கிட் ரெப்போவிலிருந்து, பில்டுக்கு முன் மெஷினைச் சோதிக்கும் அந்த கன்ஃபிகர் கோப்பை நேற்று ராத்திரி நீக்கிவிட்டேன். அதை உள்ளே போட்டவன் நீ. கோபப்படாமல் கடைசிவரை படி.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண், நாம் கையால் எழுதும் கன்ஃபிகர்.ஏசியில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். என்ன மாறியது என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் வரிகள் மாறிக் கிடக்கின்றன. கன்ஃபிகர்.ஏசியைப் படித்து கன்ஃபிகரை எழுதித் தரும் ஆட்டோகான்ஃப் அவளிடம் 2.71, என்னிடம் 2.69. அவ்வளவுதான் காரணம். அவள் தொட்ட வரியைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அப்புறம் இருவர் மாற்றத்தையும் சேர்க்கும் மெர்ஜில் கான்ஃப்ளிக்ட். கருவி எழுதித் தந்ததை நாம் உட்கார்ந்து கையால் ஒட்டுப்போடுவது என்ன நியாயம், சொல்?

"ஆட்டோகான்ஃப் இல்லாதவனும் பில்ட் பண்ணட்டும்" என்பாய். ஆனால் கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை கிட் சேமிப்பதில்லை. ரெப்போவை நகலெடுத்து குளோன் செய்ததும், கன்ஃபிகரைவிட கன்ஃபிகர்.ஏசிதான் புதிது என்று பில்டை ஓட்டும் மேக்குக்குப் பட்டால், அது ஆட்டோகான்ஃபைக் கூப்பிடும். இல்லாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். ஜிசிசி கம்பைலர்காரர்களும் கன்ஃபிகரை உள்ளேதான் வைத்திருக்கிறார்கள், தெரியும். அவர்கள் 2.69 என்று ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்மில் யார் அப்படி நின்றோம்?

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் நினைவிருக்கிறதா? அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளை வெளியிட்ட டார் தொகுப்புகளில், கிட்டில் இல்லாத ஒரு எம்4 கோப்பு, அதாவது ஆட்டோகான்ஃப் படிக்கும் ஒரு பில்ட் கோப்பு, இருந்தது. அதன் வழியாகத்தான் பில்டுக்குள் கள்ளக்கதவு நுழைந்தது. தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! பில்ட் கோப்புகளை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் ஒளித்தது அது. நம் கமிட்டிலும் அந்த ஆயிரக்கணக்கான வரிகளை நான் படிக்கவில்லை, மாப்ளே. ஒப்புதல் பொத்தானை அழுத்தப் போனவன், கையை எடுத்துவிட்டேன்.

இப்போது ஆட்டோஜென்.எஸ்எச் ஒன்று இருக்கிறது, உள்ளே கன்ஃபிகரைப் புதிதாக உண்டாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஒரே வரி. கிட் கண்டுகொள்ளாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் கன்ஃபிகர் ஏறியாயிற்று. ரிலீஸ் டாரைத் தானாக பில்ட் செய்யும் சிஐ மட்டுமே கட்டும், எப்போதும் ஒரே பதிப்பில். தாத்தாவிடம் சொன்னேன். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செய்" என்றார்.

இலக்கண விதிகளிலிருந்து பைசன் கருவி உண்டாக்கிய பார்சர்.சி மட்டும் இன்னும் ரெப்போவில் இருக்கிறது. பைசன் ஏற்ற முடியாத அந்த இரண்டு பழைய மெஷின்களுக்காக விட்டுவைத்தேன். அதையும் எடுத்துவிடவா? அந்த மெஷின்களை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.

உன்
குமார்