பேச்சுப் போட்டிக் குழுவினருக்கு: மைக்கை இறக்கிவிட்டு மார்க் போடுங்கள்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதப் போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களே நீங்கள்தான். அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை. அந்த மைக் ஸ்டாண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வரவேற்புரை சொன்ன பெரியவர் நல்ல உயரம். ஸ்டாண்டை அவருக்குத் தக்கபடி ஏற்றி வைத்தார்கள். அதன் பிறகு திருகு இறுகிக்கொண்டது. என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு, அந்த வகுப்புக்கும் குள்ளம். அவள் போய் நின்றபோது மைக் நெற்றிக்கு நேரே இருந்தது. ஒரு கையால் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. மேடை ஓரத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதற்குள் பேச்சைத் தொடங்கச் சொல்லி மணி அடித்துவிட்டது. நான்கு நிமிடமும் அந்தப் பிள்ளை குதிகாலைத் தூக்கி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு பேசி முடித்தாள். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அவள் கால் நடுக்கம் பெஞ்சு வழியாக எனக்குத் தெரிந்தது.

மார்க் தாளில் 'மேடை வீச்சு' என்ற கட்டத்தில் 20-க்கு 4. கீழே குறிப்பு: 'குரல் எழும்பவில்லை. கூச்ச சுபாவம். கொச்சை.'

மைக்கை இறக்கிவிட ஆள் இல்லை. குரல் எழும்பவில்லை என்று எழுத ஆள் இருந்தது.

கொச்சை என்று நீங்கள் எழுதியது எதை? தலைப்பு 'எங்கள் ஊர்'. அவள் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிப் பேசினாள். கண்ணாடிப் பலகையில் சாயக் குழம்பைக் கையால் ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டே இறுக வைப்பதைச் சொல்லிவிட்டு, "நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும்னு எங்க அப்பத்தா சொன்னாக" என்றாள். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினாள். அந்த இடத்தில் நடுவர் ஒருவர் தன் கையிலிருந்த மைக்கில், "சொன்னார்கள்னு சொல்லணும்மா" என்று திருத்தினார். கூட்டம் சிரித்தது. ஐயா, பெரியவர்களை 'சொன்னா', 'வந்தா' என்று சொல்லக்கூடாது என்று வளர்க்கும் வீட்டில் வருகிற 'சொன்னாக' அது. அப்பத்தாவை மேடையில் வைத்து அவள் மரியாதையாகத்தான் பேசினாள். முதல் பரிசுப் பேச்சில் 'அகிலம் அதிர அவனி வியக்க' என்பது மூன்று முறை வந்தது. எது அதிர்ந்தது, எதற்கு வியந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கும் இது பழைய கதை. பள்ளியில் படிக்கும்போது இதே மாதிரி ஒரு மேடையில் 'பொணம் மாதிரி நிக்கிறே' என்று ஒரு வாத்தியார் சொன்னதோடு பேசுவதை விட்டேன். இன்று கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. நாளெல்லாம் பேச்சுதான், சிரிக்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் உங்கள் மேடைக் குரலில்தான் முழங்கினேன். வளவில், அதான் வீட்டின் நடு முற்றத்தில், நின்று கத்தினால் நாலு பக்கத் தாழ்வாரத்திலும் மோதித் திரும்பும், ஒன்றும் விளங்காது. ஒருநாள் தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் மெதுவாக, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். அன்றுதான் எல்லாரும் கிட்டே வந்தார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் என்றதும் ஒரு அம்மா அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அவர் கையை எடுக்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு கூட்டம் போனதும் அரைமணி நேரம் வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம், பின் முற்றத்தில், தனியாக உட்கார்ந்தால்தான் அடுத்த கூட்டத்துக்கு வாய் வரும். பயம் இல்லை. என் வாகு அப்படி.

காந்தியடிகள் பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்று, ஒரு கேள்விகூட வராமல், வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியவர். அந்தக் கூச்சம்தான் தன்னை வார்த்தையை அளந்து பேச வைத்தது என்று பின்னால் அவரே எழுதினார். 1927-இல் நம் பக்கம் வந்தபோது, மாளிகைகளை அடைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பற்றி நகரத்தார் செட்டியார்களிடம் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தாளில் 'மேடை வீச்சு' கட்டத்தில் அவருக்கும் 4தான் விழுந்திருக்கும்.

ஆகவே கேட்கிறேன்: அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். என்ன சொன்னாள், சொன்னது போய்ச் சேர்ந்ததா, இந்த இரண்டுக்கு மார்க் போடுங்கள்.

பொதுவாகவே நம் ஊரில் சத்தத்துக்குத்தான் சந்தனம். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் பேச முடியாத அளவுக்கு ஸ்பீக்கர். உங்கள் விழாவில் சால்வை போர்த்துகிற படலம் மட்டும் முக்கால் மணி நேரம். பிள்ளைகளுக்கு நாலு நிமிடம், அதிலும் மூன்றில் எச்சரிக்கை மணி. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு விழா தொடங்குவதற்குப் பேர் போன ஊர். நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி மண்ணை எடுத்துக் குழந்தை நாக்கில் வைக்கிறோம், தமிழ் வரட்டும் என்று. வந்த தமிழை மேடையில் வைத்துத் திருத்தவா?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன். மன்னிக்கவும். சம்பளமில்லாமல் வருடா வருடம் இந்தப் போட்டியை நடத்துகிறீர்கள். அந்த உழைப்பு எனக்குத் தெரியும். அதனால்தான் போட்டியே வேண்டாம் என்று சொல்லாமல் கடிதம் எழுதுகிறேன். தயவுசெய்து 'மேடை வீச்சு' கட்டத்தை எடுங்கள். ஊர்ப் பேச்சுக்கு மார்க் குறைக்காதீர்கள். பேசும் பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

அடுத்த போட்டி தை மாதம் என்று கேள்விப்பட்டேன். அவள் வருகிறேன் என்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். அதற்குள் அந்த ஸ்டாண்டின் திருகுக்கு ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு வையுங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், நானே ஒரு புட்டியோடு முன்னதாக வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அத்தை
கானாடுகாத்தான்