மூன்று மொழிக் கல்லோடு எங்களையும் தாங்கியவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும்,

பாடசாலைகளிலும் ஊர்களிலும் காட்டுவதற்காக நாங்கள் 11 பேர் தூக்கிக்கொண்டு திரிந்த, ரெஜிபோமில் செய்த மாதிரிக் கல் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்ந்து நிற்கிறது. பஸ்ஸில் இறக்கி ஏற்றியதில் ஒரு மூலை உடைந்துவிட்டது. அதைக் கடந்து போகும்போதெல்லாம், உதவியவர்களுக்கு ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று மனம் உறுத்துகிறது.

அசல் கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து காலியில் நாட்டிய கல் அது. அதில் உள்ள திகதி 1409 பெப்ரவரி 15. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை வைத்த செய்தி இருக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. வாசிக்க முடிகிற அளவில் யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1911இல் காலி கிரிப்ஸ் வீதியில் மதகு மூடியாகக் கவிழ்ந்து கிடந்த இடத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பழிவாங்குவதுபோல் மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகளை எரித்தார்கள். பாடசாலை திரும்பத் திறந்த அன்று, எப்போதும் முன்வாங்கில் இருக்கும் எங்கள் முஸ்லிம் சிநேகிதி தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய்விட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லை. ஏன் போகிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் இந்த வேலையின் தொடக்கம். அவளும் இந்தப் 11 பேரில் ஒருத்தி.

முதல் நன்றி நூதனசாலை உத்தியோகத்தர் அக்காவுக்கு. மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எழுத விட்டீர்கள். நாங்கள் அச்சடிக்க வைத்திருந்த துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டு, "பிள்ளைகள், பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்" என்றீர்கள். அதே கடற்படை இங்கே போரும் செய்தது, இங்கே ஆட்சி செய்த அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது என்று நீங்கள் சொன்னபோது எங்களுக்கு முகம் வாடிவிட்டது. அதை மறைத்திருந்தால், தெரிந்த ஒருவர் எழுந்து கேட்ட முதல் கேள்வியிலேயே விழுந்திருப்போம். இரவோடிரவாகத் திருத்தி எழுதினோம். அன்றைக்கு நாம் நின்ற அந்தக் கட்டடத்தையே கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் என்று வாசலில் வைத்துச் சொன்னதும் நீங்கள்தான். 1877இல் திறந்த கட்டடம். எத்தனை தடவை பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியவில்லை.

தமிழ்ப் பகுதியை எங்களுக்கு எழுத்தெழுத்தாக வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, புள்ளி இல்லாத அந்த எழுத்தை உங்கள் விரல் தொட்டுக் காட்டிய பிறகுதான் அது தமிழாகத் தெரிந்தது. மௌலவி அவர்களே, பாரசீகப் பகுதி நிறைய அழிந்துபோனது. இருந்தும் மிச்சமிருந்த சொற்களை இரண்டு மாலை முழுக்கப் பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள். எங்கள் பிரதியில் அந்த வரிகளை எழுதியது கடைசி வாங்குக்குப் போன அதே சிநேகிதி.

காலி பஸ் நிலையத்தில் ஒரு சிங்களத் தம்பி கேட்டான்: "இதில் எங்கள் மொழி எங்கே?" நியாயமான கேள்வி. கல்லில் சிங்களம் இல்லை. கடல் வணிகத்தில் புழங்கிய மொழிகளில் எழுதினார்கள் என்று சொல்லிப் பார்த்தோம், அவனுக்கு அது போதவில்லை. எங்களுக்கும்தான். அடுத்த வாரம், கல்லில் தேனவரை என்று இருக்கும் ஊரான தெவிநுவரைக்குப் போனோம். நாயனாரின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது, கும்பிட வருகிறவர்களில் அநேகர் சிங்களப் பௌத்தர்கள். பூத்தட்டோடு வந்த ஆச்சி ஒருவர் எங்கள் கல்லை நிறுத்தி வைக்கச் சொல்லி, தேனவரை நாயனார் யார் என்று கேட்டார். எங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவன் விளக்கினான். "எங்கட விஷ்ணு தெய்யோ" என்று சொல்லி, தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தமிழ் எழுத்தின் மேல் வைத்தார். ஆச்சி, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தத் தம்பியின் கேள்விக்கு எங்களால் கொடுக்க முடியாத பதிலை நீங்கள் கொடுத்தீர்கள். கேள்வி கேட்ட தம்பிக்கும் நன்றி, அவன் கேட்காவிட்டால் நாங்கள் தெவிநுவரைக்கே போயிருக்க மாட்டோம்.

மழையில் கல் நனையாமல் தன் ஓட்டோவின் படங்கைக் கழற்றிப் போர்த்திய அண்ணா, பன்சாலை மண்டபத்தைத் தந்த தேரர், விலை பேசாமல் சட்டம் அடித்துத் தந்த தச்சு மாமா, எங்கள் பொம்பிளைப் பிள்ளைகளை இருட்டும் வரை வெளியே விட்ட அம்மாமார், எல்லோருக்கும் நன்றி. ஒரு பாடசாலை கடைசி நிமிடத்தில் எங்களை உள்ளே விட மறுத்தது. அன்று மதிலுக்கு வெளியே பிளேன்டீ வாங்கித் தந்து, அங்கேயே கல்லை நிறுத்தச் சொன்ன கடைக்காரரையும் மறக்கவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அந்த இடத்துக்கே வந்து பார்த்தார்கள்.

வரும் மாதம் இரண்டு பாடசாலைகள் கல்லைக் கேட்டிருக்கின்றன. அதற்குள் உடைந்த மூலையை ஒட்டவேண்டும். தச்சு மாமா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பட்டறைக்கு வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் 11 பிள்ளைகள் சார்பில்