கயல் கேட்ட கேள்வி

அன்புள்ள வசந்தி,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சுந்தரி மறுபடியும் வீடு மாறிவிட்டாள், காரணத்தை அவளிடமே கேட்டுக்கொள். நான் இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக.

கயலுக்குப் பள்ளியில் ஒரு தேர்வு. பூமி உருண்டை என்று எப்படித் தெரியும் என்பது கேள்வி. 'பாடப் புத்தகத்தில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை என்று அச்சிட்டிருந்தால் அதையும் இப்படியே எழுதியிருப்பாள், அதற்கும் மதிப்பெண் விழுந்திருக்கும்.

அன்று ராத்திரியே பந்தும் டார்ச்சுமாக உட்கார்ந்தோம். சந்திர கிரகணத்தில் நிலாமேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வளைவாகவே இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் காட்டிய காரணத்தைச் சொன்னேன். சுவரில் பந்தின் நிழல் வட்டமாக விழுந்தது. உடனே ஒரு தட்டை எடுத்து வந்து, "இதுக்கும் வட்டமாத்தானே விழுது?" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது டி! தட்டைச் சாய்க்கச் சொன்னேன். நிழல் ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் கோடாகிவிட்டது. பந்தை எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். பூமி தட்டாக இருந்தால் ஏதாவது ஒரு கிரகணத்திலாவது நிழல் மாறியிருக்குமே என்று அவளே சொன்னாள்.

அதோடு விட்டாளா? "அப்போ கடவுள் இருக்கார்னு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் வளரும்வரை மதத்தை வாசலோடு நிறுத்த வேண்டும் என்பது உன் கட்சி. இப்படிக் கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்பது பெரியண்ணன் கட்சி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. "நான் நம்புகிறேன், தினமும் கும்பிடுகிறேன். ஆனால் பந்தை வைத்துக் காட்டியதுபோல இதைக் காட்ட முடியாது. வசந்தி சித்தி நம்புவதில்லை. நீ நிதானமாக யோசி" என்றேன்.

லெமைத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியாரை உனக்குப் பிடிக்கும். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர். எல்லாம் ஒரே ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இல் சொன்னவரும் அவர்தான். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் பேசினார். வேறு ஒரு பாதிரியாராக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்பதற்கும் தன் கோட்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதில் உறுதியாக இருந்தார். பூசையும் வைத்தார், சமன்பாடும் எழுதினார், ஒன்றுக்காக மற்றொன்றைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. அந்த நேர்மை நம் பிள்ளைகளுக்கு வந்தால் போதும், கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

என் பயமெல்லாம் அறிவியல் வகுப்பைப் பற்றித்தான், வசந்தி. அறிவியலையே வேதம்போல ஒப்பிக்க வைத்துவிட்டு, வளர்ந்தபின் எந்த வதந்தியையும் நம்புகிறார்களே என்று புலம்பி என்ன பயன்? 1633-இல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்ததைக் கதையாகச் சொல்லிவிடுகிறோம். 1610-இல் வியாழனுக்குப் பக்கத்தில் தெரிந்த புள்ளிகளை அவர் இரவுக்கு இரவு வரைந்து, அவை இடம் மாறுவதைப் பார்த்து, வியாழனைச் சுற்றும் நிலாக்கள் என்று கண்டுகொண்டதை எந்தப் பிள்ளைக்குச் சொல்கிறோம்? அதுதானே பாடம்!

லீவுக்கு வரும்போது உன் பைனாகுலரை மறக்காமல் எடுத்து வா. வியாழன் தெரிகிற நாட்களில் கயலும் நோட்டில் புள்ளி வைக்கட்டும். கடவுள் கேள்வியை உன்னிடமும் கேட்பாள். 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. அந்த முடிவுக்கு நீ எப்படி வந்தாய் என்று முழுதாகச் சொல்.

அன்புடன்,
மீனா