லண்டன் தமிழ்க் கோயில்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் மனநல வாட்டிலிருந்து ஒரு மடல்

கோயில் நிர்வாக சபையினருக்கும், ஊர்ச் சங்கத்தாருக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

நான் லண்டனில் ஒரு மனநல வாட்டில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட். நேர்ஸ் இல்லை. மருந்தை மாற்றவோ ஆளை வீட்டுக்கு அனுப்பவோ எனக்கு அதிகாரம் இல்லை. என்.எச்.எஸ் சம்பளப் படியைக் கீழிருந்து எண்ணத் தொடங்கினால் உடனேயே நான் வந்துவிடுவேன். ஏழு வருஷமாக இதே வேலை. குளிக்க எழுப்புவது, பிரஷர் பார்ப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, பக்கத்தில் இருந்து கதைப்பது, சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பது.

இரவில் பெரிய வேலை ஆட்களைப் பார்த்துக்கொண்டு வருவது. சிலரை மணிக்கு ஒருமுறை, சிலரை 15 நிமிஷத்துக்கு ஒருமுறை. கதவுக் கண்ணாடியால் பார்த்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று நிற்பேன். தெரியாவிட்டால் உள்ளே போய் மூச்சைப் பார்த்த பிறகுதான் பதிவு. இன்னும் சிலரை ஒரு கணமும் விட முடியாது. கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், குளியலறைக் கதவைக்கூட முழுக்கச் சாத்த விடாமல். அது அவர்களுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊர்க் கதை கதைப்பேன்.

இனிச் சொல்வதில் யாரும் தெரிந்தவர்களைத் தேட வேண்டாம். ஆளை மாற்றி, இரண்டு மூன்று பேரை ஒன்றாக்கித்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை லீவு முடிந்து வேலைக்குப் போன அன்று, காலையில் இரவு ஆட்கள் வேலையைக் கையளிக்கும்போது ஒரு தமிழ் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று நாளாகச் சாப்பாட்டை மறுக்கிறா, தனக்குள் முணுமுணுக்கிறா, குரல் கேட்கிறது போல. அறைக்குப் போனேன். யன்னல் தட்டில் கலண்டரில் கிழித்த முருகன் படம். பக்கத்தில், கடதாசியில் மடித்த திருநீறு. ஐப்பசி மாதம்.

"அம்மா, சஷ்டி விரதமோ?"

அவ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "ஓம் பிள்ளை, இண்டைக்கு நாலாம் நாள். பாலும் பழமும் தந்தால் எடுப்பன். உவையளுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது?"

டொக்டரோடு கதைக்கும்போது ரெலிபோனில் மொழிபெயர்ப்பாளர் வருவார். சாப்பாட்டுத் தட்டு வரும்போது வரமாட்டார். நான் நேர்ஸிடம் போய்ச் சொன்னேன். பால் வந்தது, வாழைப்பழம் வந்தது, குறிப்பிலும் திருத்தி எழுதினார்கள். அதற்காக அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்ல வரவில்லை. வருத்தம் இருந்தது, மருந்தும் தேவைப்பட்டது. ஆனால் விரதம் வருத்தம் இல்லை. இது தெரிந்த ஒரு ஆள் வாட்டுக்குள் வந்துபோயிருந்தால் நாலு நாள் போயிருக்காது.

ஏன் ஒருவரும் வரவில்லை? மகள் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னா: "அக்கா, கோயிலிலை ஆராவது கேட்டால் அம்மா கனடாவிலை சித்தி வீட்டை நிக்கிறா எண்டு சொல்லியிருக்கிறம். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுது."

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவ பயந்தது வருத்தத்துக்கு அல்ல, உங்களுக்கு. இந்த மடல் உங்களுக்கு வருவதும் அதனால்தான்.

எங்கள் ஆட்களில் ஒருவருக்கு பைபாஸ் செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சங்கத் தலைவர் முதல் ஊர்க் கடைசி வீட்டுக்காரர் வரை சூப் போத்தலும் தோடம்பழமும் கொண்டு வரிசையில் வருவார்கள். இத்தனை பேர் வேண்டாம் என்று நேர்ஸ் கலைக்கும். எங்கள் வாட்டில் பார்வை நேரத்தில் தமிழ்ச் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவு அருமை.

எங்களுக்கு 83 என்றால் ஜூலை. வாட்டில் 83 என்றால் சட்டம். 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ்தான் ஆட்களை மறித்து வைக்கிறார்கள். ஜூலைக்குத் தப்பி வந்தவர்களும் முள்ளிவாய்க்கால் கடந்து வந்தவர்களும் அந்தச் சட்டத்தின் கீழ் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பூட்டின கதவும் இடுப்பில் திறப்புக் கொத்தோடு நடக்கிற ஆளும் அவர்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் திறப்பைச் சட்டைப்பைக்குள் சத்தம் வராமல் வைத்துக்கொள்வேன்.

சங்கக் கூட்டங்களில் "பிடிச்சு அடைச்சுப் போட்டாங்களாம்" என்று கதைக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. செக்‌ஷன் 2 (அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, வருத்தம் என்ன என்று பார்க்க மறிப்பது) என்றால் கூடியது 28 நாள், செக்‌ஷன் 3 (வைத்தியத்துக்காக மறிப்பது) என்றால் முதலில் ஆறு மாதம் வரை. செக்‌ஷன் 2இல் வந்தவர் முதல் 14 நாளுக்குள் தன்னை விடச் சொல்லித் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம், வக்கீலுக்குக் காசு கட்டத் தேவையில்லை. செக்‌ஷனில் இருப்பவரைக் கையெழுத்து வைத்து உடனே கூட்டிக்கொண்டு போகலாம் என்று வாசலில் சத்தம் போடுவதால் ஒன்றும் நடக்காது.

அடிப்பீங்களோ என்றும் கேட்பார்கள். அடிப்பதில்லை. ஆனால் பிடிப்பதுண்டு, பொய் சொல்ல மாட்டேன். 2010இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், ஒரு மனநல ஆஸ்பத்திரியில் பொலிஸார் பிடித்து அமுக்கியதைத் தொடர்ந்து இறந்தார். அவருடைய தாய் தகப்பன் விடாமல் போராடித்தான் 2018இல் இதற்கென்று சட்டமே வந்தது. இப்போது ஆளைப் பிடித்தால் ஏன், எப்படி என்று பதிய வேண்டும். கேட்க ஆள் இருக்கிற நோயாளியின் பதிவு எப்போதும் கொஞ்சம் கவனமாக எழுதப்படும். இது என் அனுபவம்.

மருந்து கொடுத்து மயக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கதைக்கு நீண்ட பதில் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் தூங்கி வழிவதும் உடம்பு வைப்பதும் உண்மை. கிளோசபின் என்ற மனநல மருந்து எடுக்கிறவருக்கு முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். அந்த மருந்தின் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் நான் தினமும் கேட்க வேண்டியிருந்தது: "ஐயா, இண்டைக்கு வெளிக்குப் போனீங்களோ?" முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் கிழமை, நான் வாயைத் திறக்க முன்னமே தூரத்திலிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். வாட்டிலிருந்து வெளியே போய்வர இரண்டு மணித்தியால லீவு கிடைத்த ஒரு பெடியன் கோயிலுக்குப் போகக் கேட்டான். துணைக்கு நான் போனேன். தன் கைக்காசில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி வைத்திருந்தான். நிர்வாகத்தில் ஒருவர் என்னைத் தெரிந்தவர். கிட்ட வந்து, "இவர் சத்தம் போடுவாரோ? பின்னுக்கு நில்லுங்கோவன்" என்றார். பின்னுக்கு நின்றோம். சத்தம் போட்டவை அங்கே ஓடித்திரிந்த சின்னப் பிள்ளைகள்தான். பிறகு அவன் கோயிலுக்குப் போகக் கேட்கவில்லை. எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை, காசும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் எல்லாச் சமயத்தாருக்கும் ஆறுதல் சொல்ல ஒரு குழு இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரிக் குழுவில் சைவம் தெரிந்த தமிழர் ஒருவர்கூட இல்லை. கோயிலுக்கு ஒருவர், சங்கத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். பொலிஸ் பதிவு பார்ப்பார்கள், கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, கலைவிழா மேடையில் சுகமடைய வேண்டும் என்று பெயர் வாசிக்கும்போது இந்த வருத்தத்தையும் மற்ற வருத்தங்களைப் போல வாசியுங்கள், வீட்டார் சம்மதித்தால்.

வருகிறவர்களுக்கு: முதலில் போன் எடுத்து நேரம் கேளுங்கள். பொலித்தீன் பையை வாசலில் வாங்கி வைப்போம், லைட்டரையும் அப்படித்தான். ஊறுகாய் கண்ணாடிப் போத்தலில் வந்தால் திரும்பிப் போகும். சோறு கறியைச் சூடாக்கித் தர எங்கள் வாட்டில் அனுமதி இல்லை. பருத்தித்துறை வடை நல்லது, சூடாக்கத் தேவையில்லை. பேப்பரில் சுற்றிக் கொண்டு வாருங்கள். ஒரு பத்து கூட வந்தால் இரவு வேலைக்கு நிற்கிற எங்களுக்கும் ஆகும்.